கித்தார் உடலும் வழிகாட்டிப் பலகையும்: ஒரு பட்டறை வரலாறு



ஓர் இசைக்கருவியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதை வாசித்தவரைப் பற்றியே எழுதுகின்றனர். சிலர் அதைச் செய்தவரைப் பற்றி எழுதுகின்றனர். செய்தவர் தம் கைக்குத் துணையாகப் பட்டறையில் உருவாக்கிக்கொண்ட பலகைகளையும் சட்டங்களையும் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. மின்கித்தாரின் வரலாற்றை இன்று அந்தப் பலகைகளின் பக்கமிருந்து பார்க்க விழைகின்றேன்.

பட்டறைக்காரர்கள் இவற்றை 'ஜிக்' என்பர். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நாம் அறிந்ததே. கவராயம் இல்லாத மாணவன் வளையலைத் தாளின்மேல் வைத்துப் பென்சிலை அதன் விளிம்போடு ஓட்டி வட்டம் வரைகின்றான். அவன் கை நடுங்கினாலும் வட்டம் நடுங்குவதில்லை. பத்து மாணவர்கள் அதே வளையலைக் கொண்டு வரைந்தால் பத்து வட்டங்களும் ஒன்றுபோலவே அமைகின்றன. இங்கே வளையல்தான் ஜிக். வேலைப்பொருளை அசையாமல் பிடித்துக்கொள்வதும், வெட்டும் கருவியைத் தடம் மாறாமல் நடத்துவதும் அதன் பணிகள். இக்கட்டுரையில் அதனை 'வழிகாட்டிப் பலகை' என்றே அழைக்கின்றேன்.

எந்திரங்களுக்கு முன்பே

வழிகாட்டிப் பலகை எந்திரக் காலத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடலாகாது. வயலின் செய்வதில் ஈடிணையற்றவராகப் போற்றப்படும் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரெமோனா நகரில் மறைந்தார். அவர் பயன்படுத்திய மர அச்சுகள் இன்றும் அந்நகரின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மெல்லிய விலாப்பட்டைகளை அந்த அச்சைச் சுற்றி வளைத்து ஒட்டித்தான் வயலினின் உருவரையை அவர் அமைத்தார். ஆனால், வயலினின் மேற்பலகை எவ்விடத்தில் எத்தனை தடிப்பாக இருக்கவேண்டும் என்பதை அவருடைய கையும் காதுமே முடிவு செய்தன. அச்சுக்கு ஒரு பங்கு, கைக்கு ஒரு பங்கு என்ற இந்தப் பிரிவினையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். இக்கட்டுரையின் உட்பொருள் அதுவே.

கப்பல் கப்பியும் துப்பாக்கியும்

அச்சின் பங்கு பெருகியது போர்த்தேவையால்தான்.

1785ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞரின் பட்டறைக்குச் சென்றார். அங்கே துப்பாக்கி விசைகளின் உறுப்புகள் தனித்தனிக் குவியலாக இருந்தன. ஜெஃபர்சன் தம் கைக்கு அகப்பட்ட உறுப்புகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். எவையும் எவற்றோடும் பொருந்தின! வியந்துபோன அவர் அச்செய்தியை உடனே தம் நாட்டிற்கு எழுதியனுப்பினார்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கடற்படைத் துறையில் மார்க் புருனெல் திட்டமிட, ஹென்றி மாட்ஸ்லி உருவாக்கிய கப்பி செய்யும் எந்திரங்கள் அடுத்த பெரும் படியாகும். பாய்மரக் கப்பலின் கயிறுகளை இழுக்க ஆயிரக்கணக்கான மரக்கப்பிகள் தேவைப்பட்டன. துளையிடுவதற்கும் குடைவதற்கும் கடைவதற்கும் தனித்தனியே எந்திரங்கள் நிறுவப்பட்டன. தேர்ந்த கைவினைஞர் 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்து முடித்தனர். 1808ஆம் ஆண்டில் ஏறத்தாழ 130,000 கப்பிகள் அங்கிருந்து வெளிவந்தன. இதனை முன்னேற்றம் என்று பாராட்டுவோர், வேலை இழந்த அந்த 100 பேரையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

1820களில் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி படைக்கலச் சாலையில் ஜான் ஹால் ஓர் அரிய நெறியைக் கையாண்டார். ஓர் உறுப்பில் பத்து இடங்களில் வெட்டவேண்டியிருந்தால், ஒவ்வொரு வெட்டையும் அதற்கு முந்தைய வெட்டிலிருந்து அளக்கக்கூடாது; பத்தையும் ஒரே ஆதாரப் புள்ளியிலிருந்தே அளக்கவேண்டும் என்பதே அந்நெறி. முந்தையதிலிருந்து அடுத்ததை அளந்தால் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெரும்பிழையாகிவிடும். ஒரே புள்ளியிலிருந்து அளந்தால் எந்தப் பிழையும் அடுத்ததற்குத் தொற்றாது. துப்பாக்கிக்காக வகுக்கப்பட்ட இந்நெறி, 130 ஆண்டுகளுக்குப் பின்னர்க் கித்தார்ப் பட்டறையிலும் பயன்பட்டது.

மின்கித்தார் கேட்ட புது உடல்

மரபுவழிக் கித்தாரின் வயிறு வெற்றிடமானது. மெல்லிய பலகை அதிர்ந்து, உள்ளிருக்கும் காற்றை அதிரச் செய்தே ஒலி பெருகுகின்றது. 1930களில் கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப் வந்தபின் நிலைமை மாறியது. ஜார்ஜ் போச்சாம் வடிவமைத்து, 1932இல் ரிக்கன்பேக்கர் நிறுவனம் வெளியிட்ட வார்ப்பு அலுமினியக் கித்தார், ஒலிக்கு வெற்று வயிறு தேவையில்லை என்பதை மெய்ப்பித்தது. அதன் தோற்றத்தைக் கண்டோர் அதற்கு 'வறுசட்டி' என்றே பெயர் சூட்டினர்! 1940 வாக்கில் லெஸ் பால் என்ற இசைக்கலைஞர் நியூயார்க்கில் இருந்த எப்பிஃபோன் தொழிற்சாலையில் 4 அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கம்பிகளைக் கட்டினார். பார்வைக்குக் கித்தாராகத் தெரியவேண்டும் என்பதற்காக, ஒரு கித்தாரை இரண்டாக அறுத்து அக்கட்டையின் இருபுறமும் ஒட்டவைத்தார்.

கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி, மோட்டார் சைக்கிள் தொழிலில் உலோக வார்ப்புக்கான மாதிரிக்கட்டைகளைச் செய்து தேர்ந்தவர். அவர் 1948இல் மெர்ல் டிராவிஸ் என்ற பாடகருக்காக ஓர் அழகிய திண்ணுடல் மின்கித்தாரைச் செய்து கொடுத்தார். அவருடைய கைத்திறன் உயர்ந்தது. ஆயினும் அவர் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே செய்தார். கேட்டவர் காத்திருந்தே பெறமுடிந்தது.

திண்ணுடல் என்றால் எளிமையானது என்று தோன்றலாம். 1¾ அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 44 மி.மீ. தடிப்புள்ள ஒரு பலகைதானே! ஆனால் அப்பலகையில் பிக்கப்புகளுக்கும் மின்னிணைப்புகளுக்கும் குழிகள் குடையவேண்டும். கழுத்து அமரும் பள்ளம் வெட்டவேண்டும். கம்பிகள் செல்லவும் திருகாணிகள் ஏறவும் துளைகள் போடவேண்டும். வயலின் செய்வோருக்கு வளைப்பதும் ஒட்டுவதும் பெரும்பணி. திண்ணுடல் செய்வோருக்கோ துளைப்பதும் குடைவதுமே பெரும்பணி. கப்பி செய்த எந்திரங்களின் வேலையும் அதுவே அன்றோ?

ஃபுல்லர்ட்டன் நகரத்து வானொலிக்காரர்

இந்த ஒற்றுமையை முழுமையாகப் பயன்படுத்தியவர் லியோ ஃபெண்டர். 1909ஆம் ஆண்டில் பிறந்த இவர் கணக்கியல் பயின்றவர். 1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். இவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! ஆனால், பழுதான பொருள்களைத் திறந்து பார்த்துப் பழகிய கண் இவருக்கு இருந்தது. எளிதில் கழற்றிச் சீர்செய்ய முடியாத பொருளை இவர் விரும்பவில்லை.

1949இல் பைன் மரத்தில் மாதிரி ஒன்று உருவானது. 1950இல் விற்பனைக்கு வந்த அக்கித்தார், 'பிராட்காஸ்டர்' என்ற பெயரையும் சிறிது காலம் தாங்கியது. அதைப்போன்ற பெயரைக் கிரெட்ச் நிறுவனம் தன் முரசுகளுக்கு வைத்திருந்ததால், 1951இல் 'டெலிகாஸ்டர்' என்ற இன்றைய பெயரைப் பெற்றது. அதன் கழுத்து உடலோடு ஒட்டப்படவில்லை. 4 திருகாணிகளால் முடுக்கப்பட்டது. கழுத்து வளைந்தாலோ தேய்ந்தாலோ கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

சொல்வதற்கு எளிது. ஆனால், எந்தக் கழுத்தும் எந்த உடலிலும் பொருந்தவேண்டுமானால், கழுத்துப் பள்ளம் ஒவ்வோர் உடலிலும் ஒரே அகலம், ஒரே ஆழம், ஒரே கோணம் கொண்டிருக்கவேண்டும். பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 56 மி.மீ.; ஆழம் ஏறத்தாழ 16 மி.மீ. அப்பள்ளம் 1 பாகை மட்டும் கோணினால் என்ன ஆகும்? 400 மி.மீ. தொலைவில் கழுத்தின் தலைப்பகுதி ஏறத்தாழ 7 மி.மீ. விலகி நிற்கும். அவ்விடத்தில் கழுத்தின் மொத்த அகலமே ஏறத்தாழ 42 மி.மீ.தான். ஓரத்துக் கம்பி மெட்டுகளை விட்டே நழுவிவிடும்! எனவே, திருகாணியால் முடுக்கும் கழுத்து என்ற எண்ணமே வழிகாட்டிப் பலகையின்றி நிறைவேறியிராது.

கண்ணுக்கு மேலே அலகு, கைக்குக் கீழே முள்

அப்பலகை எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மரத்தைக் குடையும் எந்திரத்தை ரௌட்டர் என்பர். அதன் அலகு நிமிடத்திற்கு 20,000 சுற்று வரை சுழல்வதுண்டு. தொழிற்சாலைகளில் பயன்பட்ட ஒரு வகையில் அலகு மேலிருந்து தொங்கும். அதற்கு நேர்கீழே, மேசையின் நடுவில், ஒரு சிறிய எஃகு முள் நிமிர்ந்து நிற்கும். மரக்கட்டையின் அடிப்புறத்தில் மாதிரிப் பலகை பொருத்தப்பட்டிருக்கும். தொழிலாளி கட்டையை நகர்த்துகையில், அடியிலுள்ள மாதிரியின் விளிம்பு முள்ளில் உரசிக்கொண்டே செல்லும். முள்ளும் அலகும் ஒரே தடிப்பினவாக இருந்தால், கீழே உள்ள வடிவம் மேலே அப்படியே வெட்டப்படும். தொழிலாளியின் கண் மேலே பார்க்கின்றது. வழி கீழிருந்து வருகின்றது.

ஜான் ஹாலின் நெறி இங்கேதான் மீண்டும் தோன்றுகின்றது. உருவரைக்கு ஒரு பலகை, குழிகளுக்கு ஒரு பலகை, துளைகளுக்கு ஒரு பலகை என்று மாற்றும்போது, எல்லாப் பலகைகளும் உடலின் அதே ஆதாரத் துளைகளில் அமரவேண்டும். அவ்வாறு அமர்ந்தால் கழுத்துப் பள்ளமும் குதிரையும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். வீணையில் கம்பிகளைத் தாங்கும் உறுப்பைக் குதிரை என்கிறோம் அல்லவா, கித்தாரின் அவ்வுறுப்பையும் அப்பெயராலேயே இங்கே குறிக்கின்றேன். பழைய டெலிகாஸ்டர் உடல்கள் சிலவற்றில், மரக்குச்சியால் அடைத்துத் தேய்த்த சிறு வட்டங்களைக் காணலாம். அவை பலகை அமர்ந்த அடையாளங்கள். பழங்கருவி சேகரிப்போர் இன்று அவ்வட்டங்களைத் தேடிப் பார்த்தே ஒரு கருவியின் உண்மைத்தன்மையை எடைபோடுகின்றனர்.

கழுத்திலும் இவ்வழியே கையாளப்பட்டது. கழுத்து வளையாமல் காக்கும் எஃகுத் தண்டை வைப்பதற்கு, அதன் முதுகில் வளைவான வாய்க்கால் ஒன்றைக் குடைந்தனர். தண்டை வைத்தபின் வால்நட் மரப்பட்டியால் மூடினர். வெளிர்நிற மேப்பிள் கழுத்தின் முதுகில் ஓடும் அந்தக் கரும்பட்டி அழகுக்காக வைத்ததன்று. குடைவை மூடிய தழும்பு அது.

துளையிடுவதில் ஒரு சங்கடம் உண்டு. டெலிகாஸ்டரின் 6 கம்பிகளும் உடலின் பின்புறமிருந்து முன்புறத்துக்கு ஊடுருவி வருகின்றன. 44 மி.மீ. தடிப்பைத் துளைக்கும்போது, மெல்லிய அலகு மரத்தின் இழையோட்டத்திற்கேற்ப விலகிச் செல்ல முற்படும். முகப்பில் நேர்வரிசையில் தொடங்கிய துளைகள் முதுகில் வெளிவரும்போது வரிசை குலைந்திருக்கும். பழைய டெலிகாஸ்டர்கள் சிலவற்றின் முதுகில் கம்பிக் குப்பிகள் சற்றுக் கோணல்மாணலாக நிற்பதைக் காணலாம். வழிகாட்டிப் பலகையும் மரத்தின் இயல்பை முழுமையாக வெல்லவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கையின் பங்கு

1954இல் ஃபெண்டர் நிறுவனம் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கித்தாரை வெளியிட்டது. ஹவாயில் பிறந்த இசைக்கலைஞரான ஃபிரெடி டவாரஸ் அதன் வடிவமைப்பில் பெரும்பங்கு ஆற்றினார். டெலிகாஸ்டரின் கூரிய விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசிப்போர் குறை கூறியிருந்தனர். எனவே, புதிய உடலில் முன்கை படியும் இடத்திலும் விலா படியும் இடத்திலும் மரம் சரித்துக் குறைக்கப்பட்டது. இந்தச் சரிவுகளைத் தொழிலாளர்கள் கையாலேயே அறுத்துத் தேய்த்தனர். ஆகவே 1950களின் கருவிகளில் சரிவின் ஆழம் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றது.

கழுத்தின் முதுகும் அவ்வாறே. சுழலும் தேய்ப்புப் பட்டையில் கழுத்தை அழுத்திப் பிடித்துக் கைப்பழக்கத்தால் உருண்டையாக்கினர். டடேயோ கோமஸ் என்ற தொழிலாளி தாம் செதுக்கிய கழுத்தின் அடிமுனையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தம் பெயரின் முதலெழுத்துகளையும் நாளையும் பென்சிலால் குறித்து வைத்தார். அவருடைய முதலெழுத்துகள் உள்ள கழுத்துகளை இன்று இசைக்கலைஞர்கள் தேடி அலைகின்றனர். கம்பியிணைப்பு வேலை செய்த பெண்களின் பெயர்களும் குழிக்குள் ஒட்டிய காகிதப் பட்டையில் காணப்படுகின்றன. மேரி, குளோரியா என்ற பெயர்கள் அவ்வாறு நமக்குக் கிடைத்தவையே. 1956இல் அங்கே பணியில் சேர்ந்து பிக்கப்புகளுக்குக் கம்பி சுற்றிய அபிகேல் இபாரா, 2013இல்தான் ஓய்வு பெற்றார்.

இப்போது ஒரு பொதுவிதி புலப்படுகின்றது. மரமும் மரமும் சந்திக்கும் இடத்தில், மரமும் உலோகமும் சந்திக்கும் இடத்தில் வழிகாட்டிப் பலகை ஆண்டது. அங்கே வேறுபாடு குற்றம். மரமும் மனிதனும் சந்திக்கும் இடத்தில், அஃதாவது விலாவும் முன்கையும் உள்ளங்கையும் படும் இடத்தில் கை ஆண்டது. அங்கே வேறுபாடு குற்றமன்று. பலருக்கு அதுவே சிறப்பு. ஸ்ட்ராடிவாரியின் பட்டறையில் கண்ட பிரிவினை, கோடு மட்டும் இடம் மாறி, ஃபுல்லர்ட்டனிலும் நிலவியது.

பட்டறையின் இன்னொரு சிறு சாமர்த்தியத்தையும் குறிப்பிடவேண்டும். வண்ணம் தெளித்த உடலை எங்கே வைப்பது? எந்தப் பக்கம் வைத்தாலும் வண்ணம் ஒட்டிக்கொள்ளுமே! எனவே உடலின் முகப்பில் சில ஆணிகளை அறைந்தனர். வண்ணம் தெளித்தபின் கவிழ்த்தால், உடல் அந்த ஆணிக்கால்களில் நின்றது. உலர்ந்தபின் ஆணிகளைப் பிடுங்கினர். துளைகள் முகப்புத் தகட்டின் அடியில் மறைந்தன. 1960களின் நடுப்பகுதி வரை இவ்வழக்கம் நீடித்தது. நான்கு காசு ஆணி ஒரு தொழிற்சாலையின் சிக்கலைத் தீர்த்தது!

தேய்ந்த பலகை

வழிகாட்டிப் பலகைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது நல்லதை நினைவில் வைத்திருப்பதைப்போலவே பிழையையும் நினைவில் வைத்திருக்கும். கையால் செய்பவர் ஒருநாள் பிழை செய்வார், மறுநாள் திருத்திக்கொள்வார். தேய்ந்த பலகையோ அதைத் தூக்கி எறியும் நாள்வரை அதே பிழையைத்தான் செய்யும்.

1965ஆம் ஆண்டு ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 13 மில்லியன் டாலர் கொடுத்து ஃபெண்டர் நிறுவனத்தை வாங்கியது. உற்பத்தி பெருகியது. 1970களில் செய்யப்பட்ட பல கருவிகளில் கழுத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே கண்ணால் காணத்தக்க இடைவெளி இருப்பது பெயர்பெற்ற குறையாயிற்று. முன்பு எந்த இடத்தில் பலகையின் நேர்த்தி கொடிகட்டிப் பறந்ததோ, அதே இடத்தில் மானம் போயிற்று. 1985இல் நிறுவனம் மீண்டும் கைமாறியது. பின்னர்க் கணினி வழி இயங்கும் குடைவு எந்திரங்கள் பரவலாயின. பலகையின் விளிம்பு எண்களாக மாறிக் கணினிக்குள் சென்றது. எண்கள் தேய்வதில்லை. ஆயினும் அந்த எந்திரத்திலும் மரக்கட்டையை அசையாமல் பிடிக்கும் சட்டம் தேவைப்படவே செய்கின்றது. ஜிக் மறைந்துவிடவில்லை, பாதிப்பணியைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு மீதிப்பணியைத் தானே பார்த்துக்கொள்கின்றது.

வீட்டுக் கூடத்துப் பட்டறை

தொழிற்சாலை ஒருபுறமிருக்க, வீட்டில் இருந்ததைக் கொண்டு ஒப்பேற்றியவர்களின் வரலாறும் இதில் உண்டு. 1963இல் இலண்டனின் புறநகரில், பிரையன் மே என்ற பள்ளி மாணவர், விலைகொடுத்து வாங்க இயலாத மின்கித்தாரைத் தம் தந்தையார் ஹெரால்டோடு சேர்ந்து தாமே செய்யத் தொடங்கினார். தந்தை மின்னணுத்துறை வரைவாளர். கழுத்துக்கான மகாகனி மரம் ஒரு பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து கிடைத்தது. அதில் புழு துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். உடலின் நடுப்பகுதி பழைய மேசையின் ஓக் மரம். அதிர்வூட்டும் உறுப்புக்குப் பழைய கத்தியின் எஃகும், மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்லும் பயன்பட்டன. கழுத்தில் பதித்த வெண்புள்ளிகள் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள். மெட்டுக் கம்பி விரும்பிய அளவில் கிடைக்காததால், அதைத் தேய்த்து உருமாற்றும் சிறு கருவியையும் தாமே செய்துகொண்டார். ஏறத்தாழ ஈராண்டு உழைப்பில் உருவான அக்கித்தாரைத்தான் பின்னாளில் 'குயின்' இசைக்குழுவில் வாசித்தார். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமேல் நின்று வாசித்ததும் அதைத்தான்.

இன்று வீட்டில் கித்தார் செய்வோர் கையடக்க ரௌட்டரைப் பயன்படுத்துகின்றனர். இங்கே முள் மேசையில் இல்லை. அலகின் தண்டிலேயே சிறிய உருளைத்தாங்கி ஒன்று மாட்டப்பட்டிருக்கும். அத்தாங்கி மாதிரிப் பலகையின் விளிம்பில் உருளும். அலகு அதற்கு நேராக மரத்தை வெட்டும். பலகையை இருபுற ஒட்டுப்பட்டையால் உடலின்மேல் ஒட்டுவர். குழியின் பெரும்பகுதியை முதலில் அகன்ற துளைகளாகப் போட்டு நீக்கிவிட்டு, எஞ்சியதைச் சிறிது சிறிதாக ஆழப்படுத்துவர். ஒரே மூச்சில் ஆழமாக வெட்ட முற்பட்டால் அலகு மரத்தைக் கவ்விப் பிய்த்தெறியும்; கையையும் பதம் பார்க்கும்.

மாதிரிப் பலகைக்குப் பெரும்பாலோர் தேர்வது எம்.டி.எஃப். பலகை. இழையோட்டம் இல்லாததால் அதன் விளிம்பு சீராக அமையும். நம் மலேசியாவில் அப்பலகை பெருமளவில் ரப்பர் மரத்திலிருந்தே செய்யப்படுகின்றது. நம் முன்னோர் விடியலில் எழுந்து சீவிய பால்மரம், பால் வற்றியபின் இவ்வாறு பலகையாகிப் பிறர் கைக்கு வழிகாட்டுகின்றது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கின்றது.

முன்னர்ச் சொன்ன கம்பித் துளைச் சிக்கலுக்கும் வீட்டுப் பட்டறைகளில் ஓர் எளிய தீர்வு உண்டு. துளையெந்திரத்தின் மேசைமேல் ஒரு கட்டையைப் பொருத்தி, அலகு இறங்கும் இடத்தில் ஒரு துளை போடவேண்டும். கட்டையையும் மேசையையும் நகர்த்தாமல், அத்துளையில் தலை வெட்டிய ஆணியை நிமிர்த்தி வைக்கவேண்டும். இப்போது ஆணியும் அலகும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. உடலின் முகப்பில் பாதி ஆழம்வரை துளையிட்டபின், உடலைக் கவிழ்த்து அத்துளையை ஆணியில் அமர்த்தி, முதுகிலிருந்து துளைக்கவேண்டும். இரு துளைகளும் நடுவில் சந்திக்கும். முகப்பில் வரிசை நேராக இருந்தால் முதுகிலும் நேராகவே இருக்கும். விலையோ ஓர் ஆணி, ஒரு துண்டுக் கட்டை! பெருந்தொழிற்சாலையின் முள்ளும் மேசையும் செய்த அதே வேலையை இந்த ஆணி செய்கின்றது.

பெயரில்லாப் பலகைகள்

டடேயோ கோமஸ் கழுத்தில் எழுதிய இரண்டு எழுத்துகளால் அவர் நினைக்கப்படுகின்றார். ஃபுல்லர்ட்டனில் ரேஸ் & ஆல்ம்ஸ்டெட் என்ற கருவிப் பட்டறை ஃபெண்டருக்கு உலோக உறுப்புகள் செய்து தந்ததையும் வரலாறு குறித்து வைத்துள்ளது. ஆனால், எந்தப் பலகையை எவர் முதன்முதலில் வெட்டினார், ஆணிக்காலை எவர் முதலில் எண்ணினார் என்பவற்றிற்குப் பெயர்கள் எஞ்சவில்லை. ஆயிரம் கைகளுக்கு வழிகாட்டியவரின் கை எதுவென்று தெரியாமற் போயிற்று.

இந்நிலை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. எந்தத் தச்சுப் பட்டறையின் சுவரிலும் இத்தகைய பலகைகள் தொங்கக் காணலாம். நாற்காலிக் காலின் வளைவுக்கு ஒன்று, கதவுக் கீலின் இடத்திற்கு ஒன்று என்று, தச்சர் தம் அறிவை அவற்றில் வெட்டி வைத்திருப்பார். அவற்றின்மேல் எதுவும் எழுதியிராது. எழுதவேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவர் மறைந்தபின், எது எதற்கென்று அறியாத பிள்ளைகளுக்கு அவை வெறும் பலகைத் துண்டுகள். அவை அடுப்புக்குப் போகும்போது ஒரு நூலே எரிகின்றது.

ஆகவே, அன்பர்களே, உங்கள் தந்தையாரோ பாட்டனாரோ தச்சராக இருந்திருந்தால் அவர்தம் பலகைகளைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் அது எதற்குரியது, எவர் செய்தது, எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். அவற்றிற்கு அவர்கள் வழங்கிய தமிழ்ப்பெயர் நினைவிலிருந்தால் எனக்கும் எழுதித் தெரிவியுங்கள். 'வழிகாட்டிப் பலகை' என்று நான் இங்கே சொன்னது நூற்சொல். பட்டறையில் புழங்கிய சொல் இதைவிடச் சிறியதாகவும் இதைவிட அழகாகவும் இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.